எச்டிஆர் எவ்வளவு போட்டால் அதிகம்? வெளிச்ச வரிசையை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

எச்டிஆர் என்பது, வெளிச்சமும் இருட்டும் மிகவும் வேறுபடும் காட்சியில் பல எக்ஸ்போஷர்களைச் சேர்த்து இரண்டு பக்கமும் விவரம் தெரிய வைக்கும் முறை. அது அதிகமாகிவிட்ட படத்தைப் பார்த்தவுடனே யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். எதனால் என்று கேட்டால் "ஏதோ பெயின்டிங் மாதிரி இருக்கு" என்பதோடு நின்றுவிடும். பார்க்கிறவருக்கு அது போதும், எடிட் செய்கிறவருக்குப் போதாது. எடிட்டிங் மென்பொருளில் எந்த ஸ்லைடரை எவ்வளவு பின்னுக்கு இழுப்பது என்று அவருக்குத் தெரிய வேண்டும். "ஷேடோஸ் 40-ஐத் தாண்டாதே, கிளாரிட்டி 20-ஐத் தாண்டாதே" என்ற மனப்பாடக் கணக்கும் கைகொடுக்காது (ஷேடோஸ் நிழலை வெளிச்சமாக்கும் ஸ்லைடர், கிளாரிட்டி விவரங்களைக் கூராக்கும் ஸ்லைடர்). அதே 40 ஒரு படத்தில் இருப்பதே தெரியாது, இன்னொன்றில் கண்ணை உறுத்தும்.

ஆனால் எல்லாப் படத்துக்கும் பொருந்தும் ஓர் அளவுகோல் உண்டு. காட்சியில் எது எதைவிட வெளிச்சமாக இருந்தது என்ற வரிசைதான் அது. வானம், கடல், சுவர், மாடம் என்று மேலிருந்து கீழே இறங்கும் அந்த வரிசை குலையாமல் இருந்தால், நடுவில் உள்ள இடைவெளிகளைக் கணிசமாகக் குறைத்தாலும் கண் ஏற்றுக்கொள்ளும். வரிசை புரண்டால் அந்த இடத்திலேயே படம் பொய்யாகிவிடும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த வரிசையைக் காப்பதற்கான வழிகளே.

உதாரணத்துக்கு ஒரே காட்சியை எடுத்துக்கொள்வோம்: மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், சூரியன் எழும் நேரம். கோயில் கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறது. நிலத்துப் பக்கம் நின்று எடுத்தால் சூரியன் விமானத்துக்கு (கருவறைக்கு மேல் எழும் கோபுரம்) பின்னால் எழும், நம் பக்கத்துக் கருங்கல் முழுக்க நிழலில் இருக்கும். எச்டிஆரை எல்லோரும் தேடி ஓடுவதும், மிக அதிகமாகக் கெடுப்பதும் இந்த மாதிரிக் காட்சியில்தான்.

முதல் கேள்வி: இதற்கு எச்டிஆர் தேவையா?

கேமராவின் மீட்டரிங்கை ஸ்பாட் முறைக்கு (ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) மாற்றுங்கள். அப்பர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் மாறாமல் வைத்து, சூரியத் தட்டை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் விவரம் தெரிய வேண்டிய மிக வெளிச்சமான வானத்தை அளவிடுங்கள். பிறகு விவரம் தெரிய வேண்டிய மிக இருட்டான கல்லை அளவிடுங்கள். வானம் 1/2000, கல் 1/30 என்று காட்டினால் இடைவெளி 6 ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தில் இரண்டு மடங்கு என்பதால் 6 ஸ்டாப் என்றால் 64 மடங்கு.

6, 7 ஸ்டாப் வரைக்கும் இன்றைய ஏபிஎஸ்சி அல்லது ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவின் ஒரே ஒரு ரா ஃபைல், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல், போதும். ஐஎஸ்ஓ 100-இல், வானம் வெளுத்துப்போகாத அளவுக்கு மட்டும் எக்ஸ்போஷர் கொடுத்து எடுங்கள். கம்ப்யூட்டரில் நிழலை 3 ஸ்டாப் ஏற்றிப் பாருங்கள். கல்லில் நிறப் புள்ளிகள் தெரியவில்லை என்றால் பல படங்களைச் சேர்க்க வேண்டிய வேலையே இல்லை. பழைய கேமராவாக இருந்தாலோ ஐஎஸ்ஓ 800, 1600 என்று போயிருந்தாலோ இந்த வரம்பை ஒன்றிரண்டு ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள். 8 ஸ்டாப்புக்கு மேல் போனால் பிராக்கெட்டிங், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் பல படங்களாக எடுப்பது, அவசியம். ஓவர் என்று தெரியும் எச்டிஆர் படங்களில் நிறைய, எச்டிஆரே தேவைப்படாத மந்தமான மேகமூட்டக் காட்சிகள். அங்கே குறைப்பதற்கு வெளிச்ச இடைவெளியே இருப்பதில்லை. அதனால் மென்பொருள் போய் மேகத்தின் அழுக்கையும் சுவரின் கறையையும் பெரிதாக்கிக் காட்டுகிறது.

படம் எடுக்கும்போது

அப்பர்ச்சர் பிரையாரிட்டி, எஃப் 8, ஐஎஸ்ஓ 100. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஒன்றில் நிறுத்துங்கள். ஃபோகஸ் செய்த பிறகு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்று படத்துக்கும் மூன்று இடத்தில் ஃபோகஸ் விழும். 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் பெரும்பாலும் போதும்: நடுப்படம் 1/125 என்றால் மற்றவை 1/500, 1/30. சூரியத் தட்டு படத்துக்குள் இருந்தால் அதே இடைவெளியில் ஐந்து படம்.

எண்ணிக்கையைவிட இரண்டு ஓரங்களும் முக்கியம். மிக இருட்டான படத்தின் ஹிஸ்டோகிராம் (இடது இருட்டிலிருந்து வலது வெளிச்சம் வரை எது எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைத் தொடக்கூடாது (சூரியத் தட்டு தொட்டால் பரவாயில்லை). மிக வெளிச்சமான படத்தின் ஹிஸ்டோகிராம் இடது ஓரத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் பிற்பாடு நிழலைப் பலவந்தமாகத் தூக்க வேண்டியிராது.

கடற்கரைக் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பது, அங்கே ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும். கையில் பிடித்தே எடுக்கலாம். 24 மிமீ லென்ஸில் 1/30 சமாளிக்கக்கூடிய வேகம். தொடர்ச்சியாக எடுக்கும் பர்ஸ்ட் முறையில் பிராக்கெட்டிங்கைப் போட்டு, முழங்கையை உடம்போடு ஒட்டி, ஒரே அழுத்தலில் மூன்றையும் எடுத்துவிடுங்கள். சிறு அசைவை மென்பொருள் சரிசெய்துகொள்ளும்.

மெர்ஜ் செய்வது

எச்டிஆர் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பல எக்ஸ்போஷர்களைச் சேர்த்து ஒரே ஃபைலாக்குவது ஒன்று. அந்த ஃபைலில் உள்ள பெரிய வெளிச்ச வீச்சைச் சாதாரணத் திரைக்குள் அடக்குவது இன்னொன்று, அதற்கு டோன் மேப்பிங் என்று பெயர். படம் கெடுவது ஏறக்குறைய எப்போதும் இரண்டாவதில்தான். முதல் வேலை புதிதும் அல்ல. 1850-களில் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். நம் மாமல்லபுரச் சிக்கலும் அவருடையதும் ஒன்றே.

அடோபி லைட்ரூம் மென்பொருளில் மூன்றையும் தேர்ந்தெடுத்து ஃபோட்டோ மெர்ஜில் எச்டிஆர் கொடுங்கள். ஆட்டோ அலைன் இருக்கட்டும். ஆட்டோ செட்டிங்ஸ் டிக்கை எடுத்துவிடுங்கள், அது நிழலையும் ஹைலைட்டையும் தன் விருப்பத்துக்கு இழுத்து வைத்துவிடும், அதையே தொடக்கப் புள்ளியாக நம் கண் பழகிவிடும். டீகோஸ்ட் (அசைந்தவற்றின் இரட்டை உருவத்தை நீக்கும் வசதி) முதலில் வேண்டாம். அலை, காக்கை, நடமாடும் ஆட்கள் ஆகியோரிடம் இரட்டை உருவம் தெரிந்தால் மட்டும் லோ கொடுங்கள். டீகோஸ்ட் செய்யும் பகுதியை மென்பொருள் ஒரே ஒரு படத்திலிருந்து எடுக்கிறது. அது இருட்டான படமாக இருந்தால் அந்தத் திட்டில் மட்டும் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரியும்.

கிடைக்கும் டிஎன்ஜி ஃபைல் (ஒரு வகை ரா ஃபைல்) நடுப்படத்தைப் போலவே சாதாரணமாகத் தெரியும். "ஒன்றும் நடக்கவில்லையே" என்று நினைக்க வேண்டாம். மாற்றம் உள்ளே இருக்கிறது: நிழலை ஏற்றினாலும் நாய்ஸ் வராது, வானத்தை இறக்கினால் நிறம் இருக்கும்.

ஸ்லைடரைத் தொடுமுன் வரிசையை எழுதுங்கள்

ஒரு துண்டுத் தாளில் எழுதினால் போதும். நம் காட்சிக்கு அது இப்படி வரும்: சூரியத் தட்டு, அதைச் சுற்றிய வானம், கடலில் சூரியன் மின்னும் பாதை, மேல் வானம், கடலின் மற்ற பரப்பு, புல்தரை, நம் பக்கத்துக் கல், மாடங்களின் உள்பக்கம். சந்தேகம் வந்தால் நடுப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், அதில் உள்ள வரிசைதான் சாட்சி.

இப்போது எண்கள். லைட்ரூமில் கர்சரை வைத்த இடத்தின் அளவு ஹிஸ்டோகிராமுக்குக் கீழே சதவீதமாகத் தெரியும். நடுச்சாம்பல் சுமார் 46. அதற்கு ஒரு ஸ்டாப் மேலே 63, இரண்டு ஸ்டாப் மேலே 86. ஒரு ஸ்டாப் கீழே 33, இரண்டு ஸ்டாப் கீழே 23, மூன்று ஸ்டாப் கீழே 16. எடிட் முடிந்த பிறகு வானம் 65-லிருந்து 85-க்குள்ளும், நிழல் பக்கத்துக் கல் 20-லிருந்து 33-க்குள்ளும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு ஸ்டாப் மிச்சம் இருக்கிறது. செதுக்கல் தெரியும், சூரியன் பின்னால் இருக்கிறது என்பதும் தெரியும். கல் 45-ஐத் தொட்டு வானம் 55-க்கு இறங்கினால், சூரியனுக்கு எதிர்ப்பக்கம் யாரோ ஃபிளட் லைட் போட்டது போல ஆகிவிடும்.

ஸ்லைடர்கள், எந்த முறையில்

முதலில் எக்ஸ்போஷர். வானத்தையும் கல்லையும் மறந்துவிட்டுப் படத்தின் மொத்த உணர்வுக்கு வையுங்கள். விடியற்காலை விடியற்காலையாக இருக்கட்டும், பத்து மணி வெயிலாக்க வேண்டாம். அடுத்து ஒயிட்ஸ், பிளாக்ஸ். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒயிட்ஸை ஏற்றுங்கள், சூரியத் தட்டில் மட்டும் வெள்ளை தோன்றும்போது நிறுத்துங்கள். பிளாக்ஸை இறக்குங்கள், மாடத்தின் ஆழத்தில் ஒரு சிறு இடமாவது முழுக் கறுப்பாகட்டும். படத்தில் ஓர் உண்மையான கறுப்பும் ஓர் உண்மையான வெள்ளையும் இல்லாவிட்டால் மீதி எல்லாம் சாம்பல் பூத்துத் தெரியும்.

மூன்றாவதாக ஹைலைட்ஸ். மைனஸ் 30-லிருந்து 60-க்குள் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். கடைசியில்தான் ஷேடோஸ். பத்து பத்தாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் கல்லின் சதவீதத்தைப் பாருங்கள்.

ஷேடோஸை ஏன் கடைசியில் வைக்கிறோம்? ஓவர் எச்டிஆர் ஒரே இழுப்பில் வருவதில்லை, சங்கிலியாக வருகிறது. ஹைலைட்ஸ் மைனஸ் 100, ஷேடோஸ் பிளஸ் 100 என்று தொடங்கினால் நடுப்பகுதிகளுக்கு இடையே இருந்த கான்ட்ராஸ்ட் செத்துவிடும், படம் சப்பென்று ஆகும். அதைச் சரிசெய்ய கிளாரிட்டி 50. கிளாரிட்டி நிறத்தை வறட்டிவிடும் என்பதால் சாச்சுரேஷன் 30. வானம் இன்னும் பலவீனமாகத் தெரிவதால் டீஹேஸ் (மூட்டத்தை நீக்கும் ஸ்லைடர்) 25. ஒவ்வொன்றும் முந்தையதன் பக்கவிளைவுக்கு மருந்து. ஆகவே படம் ஓவர் என்று தோன்றினால் கடைசியாகத் தொட்ட ஸ்லைடரைக் குறைத்துப் பயனில்லை. சங்கிலியின் முதல் கண்ணிக்குப் போய் ஷேடோஸைப் பாதியாக்குங்கள், பின்னால் போட்ட மூன்றையும் பூஜ்ஜியமாக்குங்கள், பிறகு எது உண்மையில் தேவை என்று பாருங்கள்.

கருங்கல்லுக்குக் கிளாரிட்டி ஒரு பொறி. கடற்காற்று அரித்த செதுக்கல்கள் அங்கே மழுங்கித்தான் இருக்கின்றன. கிளாரிட்டி 40-இல் அவை நேற்று உளி வைத்தது போலக் கூராகிவிடும், கல் எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். கல்லின் மணிமணியான தன்மை வேண்டுமானால் மாஸ்க் போட்டு (திருத்தம் விழ வேண்டிய பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து), கல்லுக்கு மட்டும் டெக்ஸ்ச்சர் 15 கொடுங்கள். ஆட்கள் இருந்தால் அவர்களை அந்த மாஸ்க்கிலிருந்து கழித்துவிடுங்கள், முகத்தில் கிளாரிட்டி விழுந்தால் பத்து வயது கூடும்.

நிழலின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். சூரியன் படாத கல்லுக்கு வெளிச்சம் கொடுப்பது நீல வானம். இருட்டாக இருக்கும்வரை அந்த நீலம் தெரியாது, நிழலைத் தூக்கியதும் கல் ஊதாவாகத் தெரியும். அதே மாஸ்க்கில் டெம்பரேச்சரை 5 முதல் 10 வரை மஞ்சள் பக்கம் நகர்த்தி, சாச்சுரேஷனை 10 முதல் 20 வரை குறையுங்கள். முழுக்க நடுநிலையாக்க வேண்டாம், நிழலில் கொஞ்சம் குளிர்ச்சி இருப்பது உண்மைதான்.

அதிகமாகிவிட்டதா என்று பார்க்கும் இடங்கள்

முதலில் விமானத்தின் விளிம்பு. விளிம்பை ஒட்டி வானத்தில் ஒரு வெளிறிய பட்டை ஓடினால் அதுதான் ஹேலோ. டோன் மேப்பிங், ஷேடோஸ், கிளாரிட்டி எல்லாமே ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றுப்புறச் சராசரியோடு ஒப்பிட்டு முடிவெடுப்பவை. கல்லை ஒட்டிய வானத்தின் சுற்றுப்புறத்தில் இருட்டுக் கல்லும் சேர்ந்துவிடுகிறது. அதனால் அந்த வானத்தை மென்பொருள் இருட்டுப் பகுதியில் சேர்த்துத் தூக்கிவிடுகிறது. அடிவானம் இயற்கையாகவே மேல் வானத்தைவிட வெளிச்சம்தானே, அதை ஹேலோ என்று நினைத்துவிட மாட்டோமா? மாட்டோம். இயற்கையான வெளிறல் அடிவானத்துக்கு இணையாகப் படுத்திருக்கும். ஹேலோ விமானத்தின் படிப்படியான வடிவத்தை அப்படியே வரைந்துகொண்டு மேலே ஏறும். அகலமான ஹேலோ முழுப்படமாகச் சிறிதாக்கிப் பார்க்கும்போதும், மெல்லியது 100 சதவீதத்தில் பார்க்கும்போதும் தெரியும். இரண்டையும் பாருங்கள்.

அடுத்து சூரியன். சூரியத் தட்டு சாம்பல் நிறத்திலோ, சுற்றிலும் வளையம் வளையமாகவோ தெரிந்தால் ஹைலைட்ஸை அதிகம் இறக்கிவிட்டீர்கள். வெளிச்சத்தின் மூலம் எதுவாக இருந்தாலும், சூரியனோ தெருவிளக்கோ தீபமோ, அது வெள்ளையாக வெளுத்துப் போவதுதான் சரி. அதில் விவரம் தேடக்கூடாது. இரவுக் கோபுரப் படங்களில் சீரியல் பல்புகளின் உள்ளே இழை தெரியும் அளவுக்கு இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் படத்தில் பல்புகள் எரியவே எரியாது.

தண்ணீர் ஒரு நல்ல நீதிபதி. நீரில் விழும் பிம்பம், தான் காட்டும் பொருளைவிட வெளிச்சமாக இருக்க முடியாது. வரும் ஒளியில் ஒரு பகுதி நீருக்குள் போய்விடுகிறது. தெப்பக்குளத்தில் தெரியும் கோபுரம் நேரில் நிற்கும் கோபுரத்தைவிடப் பளிச்சென்று இருந்தால், பார்க்கிறவருக்கு இயற்பியல் தெரியாவிட்டாலும் ஏதோ இடறுகிறது என்று தெரிந்துவிடும். அலை வாங்கிப்போன ஈர மணலுக்கும் இதே விதி.

வெள்ளைகளையும் பாருங்கள். மேகத்தின் மேல் விளிம்பு, வேட்டி, நுரை. இவை 60-க்குக் கீழே இறங்கியிருந்தால் அழுக்காகத் தெரியும். விடியலில் நிழலில் நிற்பவரின் வேட்டி மங்கலாக இருப்பது இயல்பு, சூரியன் பட்ட நுரை மங்கலாக இருப்பது தவறு. கடைசியாக ஹிஸ்டோகிராம்: நடுவில் ஒரே குன்றாகக் குவிந்து இரண்டு ஓரமும் காலியாக இருந்தால், எல்லாவற்றையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

கண்ணை நம்பாமல் அளப்பது

கால் மணி நேரம் ஒரே படத்தைத் திருத்திக்கொண்டிருந்தால் கண் அந்த மிகைக்குப் பழகிவிடும். ஆகவே சில சோதனைகள் வேண்டும். எழுந்து போய்விட்டு வந்து பாருங்கள். படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள், அந்த அளவிலும் சூரியன் எந்தப் பக்கம் என்று சொல்ல முடிய வேண்டும்.

இவற்றைவிடத் துல்லியமானது லேயர் சோதனை. ஃபோட்டோஷாப்பில் கீழே நடுப்படத்தைச் சாதாரணமாகத் திருத்தி வையுங்கள், மேலே எச்டிஆர் பதிப்பு. மேல் லேயரின் ஒபாசிட்டியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பத்து பத்தாக ஏற்றுங்கள். கல்லில் தேவையான விவரம் தெரிந்ததும் நிறுத்துங்கள். 100-லிருந்து கீழே இறக்கிப் பார்த்தால் கண் 80-இலேயே திருப்திப்படும். கீழிருந்து ஏற்றினால் பலமுறை 40, 50-இலேயே போதும் என்று தோன்றும். அந்த வித்தியாசம்தான் பழக்கத்தால் வந்த மிகை.

மானிட்டர் வெளிச்சமும் இதில் கை வைக்கும். மங்கலான மானிட்டரில் நிழல்கள் அடைத்துத் தெரிவதால் தேவைக்கு மேல் தூக்கிவிடுவோம். 80 முதல் 120 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வரை வைத்து, காலிப்ரேட் செய்து, தானாக வெளிச்சம் மாற்றும் வசதியை அணைத்துவிடுங்கள்.

வீட்டுக்குள் எடுக்கும்போது

வீடு விற்பனைப் படங்களில் வரிசை புரள்வது ஜன்னலில். வெளியே தெரியும் தோட்டமும் உள்ளே இருக்கும் சோபாவும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் ஜன்னல் ஒட்டிவைத்த போஸ்டர் ஆகிவிடும். வெளிப்பக்கம் உள்சுவரைவிட ஒரு ஸ்டாப் அல்லது அதற்குச் சற்று அதிகமாக மேலே இருக்கட்டும்: சுவர் 60 என்றால் ஜன்னலுக்கு வெளியே 80-லிருந்து 90. ஜன்னல் சட்டத்தைச் சுற்றி லேசாக ஒளி கசிவதும் இருக்கட்டும், அதைத் துடைத்து எடுக்காதீர்கள்.

போனில் எடுத்த படம்

இன்றைய போன்கள் ஒவ்வொரு படத்துக்கும் பல ஃபிரேம்களைச் சேர்த்து டோன் மேப்பிங் செய்த பிறகுதான் ஜேபெக்கைக் கொடுக்கின்றன. அதன்மேல் எடிட்டிங் ஆப்பில் எச்டிஆர் ஃபில்டர் போடுவது இரண்டாம் முறை வதக்குவது. போன் படத்தில் பெரும்பாலும் எதிர்த்திசை வேலைதான் தேவை: ஷேடோஸ் மைனஸ் 15, பிளாக்ஸ் மைனஸ் 10, கான்ட்ராஸ்ட் சற்று மேலே. முதலிலிருந்தே கட்டுப்பாடு வேண்டுமானால் ரா வசதியுள்ள கேமரா ஆப்பில் எடுங்கள்.

எச்டிஆர் திரைக்கென்று ஏற்றுமதி செய்வது வேறு விஷயம். 2023-இல் ஆண்ட்ராய்டு 14-உடன் வந்த அல்ட்ரா எச்டிஆர் போன்ற வடிவங்களில், சூரியனை வெள்ளைச் சுவரைவிட உண்மையாகவே பிரகாசமாகத் திரை காட்டும். அங்கே வீச்சை அடக்க வேண்டிய தேவையே குறைவு. லைட்ரூமில் எச்டிஆர் பொத்தானைப் போட்டு எடிட் செய்தால், சாதாரணத் திரைக்கான முன்தோற்றத்தையும் தனியாகப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

அச்சுக்குப் போகும்போது

காகிதம் திரையைவிடச் சிறிய பாத்திரம். மேட் தாளில் 5, 6 ஸ்டாப்புக்கு மேல் நிற்காது, பளபளப்புத் தாளில் ஏறக்குறைய 7. திரையில் 16 சதவீதத்தில் தெரிந்த மாடத்தின் உள்பக்கம் மேட் தாளில் ஒரே கறுப்பாகிவிடலாம். அதற்காக மொத்தப் படத்தின் ஷேடோஸையும் தூக்காமல், அச்சுக்கென்று தனி விர்ச்சுவல் காப்பி எடுத்து, கல் மாஸ்க்கில் மட்டும் எக்ஸ்போஷரைக் கால் ஸ்டாப், அரை ஸ்டாப், முக்கால் ஸ்டாப் என்று மூன்று விதமாக வையுங்கள். மூன்றிலிருந்தும் கல்லும் வானமும் சேரும் துண்டை வெட்டி ஒரே ஏ4 தாளில் அச்சிட்டு, படத்தை மாட்டப்போகும் சுவரின் வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.